மூன்றாவதாக வந்த இட்லி

எங்கள் வீட்டில் கறுப்பி, தவிடு என்று இரண்டு கினிபிக் இருப்பது தெருவில் பால் பாக்கெட் போடுகிறவர் வரைக்கும் தெரியும். இப்போது மூன்றாவதாக இட்லியும் வந்து சேர்ந்திருக்கிறது. உடம்பு முழுக்க வெள்ளை, கண் மட்டும் சிவப்பு. பெயர் வைத்தது என் மகள். மூன்றும் பெண். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "பழசோட புதுசை விட்டா கடிச்சு வெச்சிடாதா?"

கடிக்கலாம், ஆனால் பெரும்பாலும் கடிக்காது. அது புதிதாக வந்ததன் குணத்தைவிட, நாம் கொடுக்கிற இடத்தையும் தீனியையும்தான் அதிகம் பொறுத்தது. அதுகளை நாம் சேர்த்து வைக்க முடியாது. அதுகளாகச் சேர்வதற்கு வசதி செய்து கொடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அந்தக் கையைக் கட்டிக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். மறைமலை நகர் வெயிலையும் ஷிஃப்ட் நேரத்தையும் வைத்துக்கொண்டு நாங்கள் எப்படிச் செய்தோம் என்று விவரமாகவே சொல்கிறேன்.

இட்லி எங்கிருந்து வந்தது

மாடியில் வாடகைக்கு இருந்த தம்பி ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்த்தான். ஒருநாள் படியிறங்கி வந்து, "அக்கா, ஓசூர்ல வேலை கிடைச்சிருக்கு. அங்க ஒரு ரூம்ல ஆறு பேரு. இதை எங்க வெச்சுப் பாத்துக்கிறது? நீங்கதான் ரெண்டு வளக்கறீங்களே" என்று ஒரு பறவைக் கூண்டை நீட்டினான்.

இந்தப் பக்கத்தில் இது புதிதில்லை. சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் வேலைதான் ஆட்களைக் கூட்டிவருகிறது, வேலைதான் கூட்டிப் போகிறது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக அறிவித்து, 2022-ல் மறைமலை நகர் ஆலையிலிருந்து கடைசிக் கார் வெளியே வந்தது. அப்படிப் பெரிய மாற்றம் ஏதும் இல்லாத வருடங்களிலும் ஒப்பந்தம் முடிந்தவர்கள் பெட்டி கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மனிதர்கள் ரயிலேறிவிடுவார்கள். மீன்தொட்டி, லவ் பேர்ட்ஸ், முயல், கினிபிக் எல்லாம் பக்கத்து வீட்டுக்கு வரும்.

இட்லி அதுவரைக்கும் தனியாகவே வளர்ந்தது. அவன் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து பகலெல்லாம் தூங்குவான். அறைத் தோழர்கள் பாசமாக பிஸ்கட், சோறு, பொட்டுக்கடலை போட்டிருக்கிறார்கள். யாரும் அதைத் துன்புறுத்தவில்லை. ஆனால் அதனுடைய பாஷை தெரிந்த இன்னொரு ஜீவன் அந்த அறையில் இல்லை.

ஒன்று மட்டும் போதாதா?

போதாது. கினிபிக்கின் சொந்த ஊர் தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பகுதி, இன்றைய பெரு, பொலிவியா, எக்குவடோர் நாடுகள். பல ஆயிரம் வருடங்களாக அங்கே வீட்டுச் சமையலறைத் தரையில் கும்பலாகத் திரிந்து, காய்கறித் தோலையும் புல்லையும் தின்று வளர்ந்த பிராணி. அங்கே அதை இறைச்சிக்காகத்தான் வளர்த்தார்கள், இன்றைக்கும் வளர்க்கிறார்கள். காட்டில் இருக்கும் அதன் சொந்தக்காரர்களும் புல்வெளியில் ஒரு ஆண், சில பெண்கள், குட்டிகள் என்று சின்னக் கூட்டமாகத்தான் வாழ்கின்றன. அதனால் கூட்டமாக இருப்பது அதற்கு வழக்கம், தனிமை தண்டனை.

சுவிட்சர்லாந்து இதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டது. 2008 முதல் அங்கே கினிபிக்கைத் தனியாக வளர்க்கக் கூடாது. இரண்டில் ஒன்று செத்துப்போனால் மிச்சமிருப்பதற்குத் துணை தேட வேண்டும். அதற்காகவே கினிபிக்கைத் துணைக்குக் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்கிறவர்கள்கூட அங்கே உண்டு.

இன்னொரு தகவல் எனக்கு ரொம்ப உதவியது. ஜெர்மனியில் விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த நார்பர்ட் சாக்ஸர், ஆண் கினிபிக்குகளை இரண்டு விதமாக வளர்த்துப் பார்த்தார். பெரிய கூட்டத்தில், மூத்த ஆண்களின் அதட்டலுக்கு நடுவே வளர்ந்தவை, முன்பின் தெரியாத கூட்டத்தில் கொண்டுபோய் விட்டாலும் ஒதுங்கி, வாலாட்டாமல் பிழைத்துக்கொண்டன. தனியாகவோ ஒரே ஒரு பெண்ணுடனோ வளர்ந்தவை வீண் வம்பு இழுத்தன. அவற்றின் ரத்தத்தில் மன அழுத்த ஹார்மோன் எகிறியது. ஆக, அடங்கிப் போவதும் அதட்டுவதும் குட்டியிலிருந்து பழகிக்கொள்கிற விஷயம். இட்லிக்கு அந்தப் பழக்கம் கிடைக்கவில்லை என்பதை மனதில் வைத்துத்தான் எல்லா ஏற்பாடும் செய்தோம்.

முதலில் தனி அறை

வந்த அன்றைக்கே ஒன்றாக விடாதீர்கள். இரண்டிலிருந்து மூன்று வாரம் வேறு அறையில் வையுங்கள். ஒரே அறையில் இரண்டு கூண்டு வைத்தால் அது தனிமைப்படுத்தல் ஆகாது, தும்மினால் போதும். தீனி போடும்போது முதலில் பழையவர்கள், கடைசியில் புதியவர். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

அந்த நாட்களில் பார்க்க வேண்டியவை: மூக்கு ஒழுகல், கண்ணில் பீளை, மூச்சில் கிர்கிர் சத்தம். போர்டடெல்லா என்ற பாக்டீரியா கினிபிக்குக்கு நிமோனியா கொண்டுவரும். முயலும் நாயும் எந்த நோயும் காட்டாமலே அதைச் சுமக்கும். முயலையும் கினிபிக்கையும் ஒரே கூண்டில் வளர்ப்பது நம் பக்கத்தில் சகஜம். அது வேண்டாம் என்பதற்கு இது ஒரு காரணம், முயலின் பின்னங்கால் உதை இன்னொரு காரணம். அடுத்தது தோல். ஓயாமல் சொறிந்து, முடி கொட்டி, தொட்டாலே துடித்தால் அது சொறிப்பூச்சி. முற்றினால் வலிப்பே வரும். வட்டமாக முடி உதிர்ந்து செதில் கட்டினால் படர்தாமரை. அது குழந்தைகளுக்கும் ஒட்டும்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கி வந்து கொடுக்கிற பழக்கத்தை இந்த ஒரு பிராணியிடம் மட்டும் காட்டவே காட்டாதீர்கள். நமக்குச் சாதாரணமாக எழுதித் தருகிற அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால், குடலிலிருக்கும் நல்ல கிருமிகள் அழிந்து, விஷக் கிருமி பெருகி, சில நாளில் செத்துப்போகும். பென்சிலின் புழக்கத்துக்கு வந்த 1940-களிலேயே கண்டுபிடித்த விஷயம் இது. தெருமுனையில் நாய்க்கு ஊசி போடுகிற எல்லா டாக்டரும் கினிபிக் பார்த்துப் பழகியவராக இருக்க மாட்டார். போனில் கேட்டுக்கொண்டு போங்கள். வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1903-ல் தொடங்கியது. மறைமலை நகரில் காலை ரயிலைப் பிடித்து எழும்பூரில் இறங்கினால் அங்கிருந்து ஆட்டோவுக்குப் பக்கம்தான். வெயில் ஏறுவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடலாம்.

இந்தத் தனி அறை நாட்கள் இட்லியின் உடம்பைத் தேற்றவும் உதவின. கினிபிக்கின் உடம்பு, நம் உடம்பு மாதிரியே, வைட்டமின் சி-யைத் தானாக உற்பத்தி செய்யாது. 1907-ல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் கினிபிக்குக்கு வெறும் தானியத்தையே தின்னக் கொடுத்து வேறொரு நோயை ஆராயப் போக, அதற்கு ஸ்கர்வி வந்தது. மாலுமிகளை வாட்டிய நோயைப் பரிசோதனைக் கூடத்தில் படிக்க வழி பிறந்தது அப்படித்தான். சோறும் பிஸ்கட்டும் தின்ற இட்லிக்கும் அதே ஆபத்து. தினமும் குடைமிளகாய்த் துண்டு, கொத்தமல்லி, வாரத்துக்கு இரண்டு தடவை சின்னதாக ஒரு கொய்யாத் துண்டு. மற்றபடி வயிறு நிறையப் புல்.

புல்லுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. கடைகளில் விற்கும் இறக்குமதி டிமோத்தி புல்லின் விலையைக் கேட்டுப் பயப்படாதீர்கள். பிள்ளையாருக்கு விற்கிற அருகம்புல் அருமையான தீனி. பூக்காரம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் கொண்டுவந்து தருவார். மாடு வைத்திருப்பவர்களிடம் கோ-4 ரக கம்பு நேப்பியர் புல்லைப் பிஞ்சாகக் கேட்டு வாங்கலாம். ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்தில் முளைத்ததை மட்டும் பிடுங்காதீர்கள், அது லாரிப் புகை குடித்த புல். ஐப்பசி மழையில் காய்ந்த புல்லில் பூஞ்சை பிடிக்கும், மோந்து பார்த்துப் போடுங்கள்.

ஆணா பெண்ணா

கடையில் "ரெண்டும் பொண்ணுதான்மா" என்று சொன்னதை நம்பி வாங்கி, இரண்டு மாதத்தில் வீடு நிறையக் குட்டி பார்த்தவர்கள் இந்த நகரில் நிறையப் பேர். ஆண் குட்டி மூன்று வாரத்திலேயே இனச்சேர்க்கைக்குத் தயாராகத் தொடங்கும். பெண் நாலு வாரத்தில். சினைக்காலம் 59 முதல் 72 நாள். குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே தாய் மறுபடி சினைப்பட முடியும். ஏழெட்டு மாதம் வரை ஒரு தடவையும் குட்டி போடாத பெண்ணுக்கு இடுப்பெலும்பு இறுகிவிடும், அதற்குப் பிறகு முதல் பிரசவம் உயிருக்கே ஆபத்து. ஆகவே ஒன்றாக விடுவதற்கு முன் ஒரு டாக்டரிடம் காட்டி ஆண், பெண் உறுதி செய்துகொள்ளுங்கள். பெண்ணாக இருந்தால் வரும்போதே சினையா என்றும் கேளுங்கள்.

எந்தச் சேர்க்கை நல்லது என்றால், பெண்ணும் பெண்ணும் எளிது. இரண்டு ஆண் ஒத்துப்போகும், ஆனால் நன்றாக இருக்கிற இரண்டு ஆண்களுக்கு நடுவே மூன்றாவது ஆணை விடுவது வம்பை விலைக்கு வாங்குவது. கருத்தடை செய்த ஒரு ஆணோடு சில பெண்கள் இருப்பது மிகச் சிறப்பு. ஆனால் அறுவைக்குப் பிறகு ஆறு வாரம் போல ஆணைத் தனியாக வைக்க வேண்டும். மயக்க மருந்து கொடுத்துப் பழகிய கையும் வேண்டும்.

நாள் பார்ப்பது

பஞ்சாங்கம் பார்க்க வேண்டாம், வெயில் பாருங்கள். கினிபிக்குக்கு வியர்க்காது. 18 முதல் 24 டிகிரி அதற்குச் சுகம். 28 டிகிரியைத் தாண்டினாலே உடம்பு திணறும். நமக்கு மார்கழியில்கூட மதியம் அந்த அளவு வந்துவிடுகிறது. சேர்த்து விடும்போது அதுகள் துரத்தும், ஓடும், பதறும். அக்னி நட்சத்திரத்தில் இதைச் செய்தால் சண்டையில் சாகாதது வெக்கையில் செத்துவிடும். கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும் நல்ல காலம். கோடையில் வந்து சேர்ந்தால், தனி அறை நாட்கள் முடிந்த பிறகு மழை வரும்வரை பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் வைத்துக் காத்திருக்கலாம். தீபாவளி வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள். வெடிச் சத்தத்தில் ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருக்கும் பிராணிக்கு விருந்தாளியை அறிமுகம் செய்யக் கூடாது.

நேரம் என்றால் காலை. எங்கள் வீட்டில் கம்பெனி பஸ் போய், பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் வீடு அடங்கும். மாலை வரைக்கும் நான் அங்கேயே உட்கார்ந்திருக்க முடியும். அரை மணி நேரம் ஒன்றாக விட்டு, கவலைப்பட்டுப் பிரித்து, நாளைக்கு மறுபடி என்று இழுத்தால் ஒவ்வொரு நாளும் அதுகள் முதலிலிருந்து தொடங்கும். ஒரு நாள் முழுக்க ஒதுக்க முடிகிறபோது மட்டும் செய்யுங்கள்.

சந்திப்பு

இடம் யாருக்கும் சொந்தமில்லாததாக இருக்க வேண்டும். பழையவர்களின் கூண்டுக்குள் புதியதை இறக்கிவிடுவது அடிதடிக்கு அழைப்பு. எங்கள் ஹாலில் மேஜை நாற்காலியை நகர்த்திவிட்டு, டைல்ஸ் வழுக்காமல் இருக்கத் துவைத்த பெட்ஷீட்டை விரித்தோம். சுற்றி அட்டைப்பெட்டியால் வேலி. தண்ணீர் இரண்டு இடத்தில். அருகம்புல் ஒரே குவியலாக இல்லாமல் நாலு மூலையிலும் நடுவிலும். ஒளிந்துகொள்ள அட்டைப்பெட்டி வைத்தால் இரண்டு பக்கமும் வாசல் வெட்டுங்கள். ஒரே வாசல் இருந்தால் உள்ளே ஒன்று மாட்டிக்கொள்ளும், வாசலில் ஒன்று மறித்து நிற்கும், ரத்தம் வருவது அங்கேதான்.

கறுப்பி நேராக வந்து இட்லியின் மூக்கை மோந்தது, பிறகு பின்பக்கத்தை. இட்லி அசையவில்லை. கறுப்பி 'டுர்ர்ர்ர்' என்று உறுமிக்கொண்டே இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டி மெதுவாக ஒரு சுற்று வந்தது. வயிற்றுக்குள் சின்ன மோட்டார் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு இட்லியின் முதுகில் ஏறியது. இட்லி கிறீச்சிட்டு ஓட, கறுப்பி துரத்த, தவிடு சும்மா இருக்க முடியாமல் பின்னாலேயே ஓடியது. மூலையில் மாட்டிய இட்லி பின்பக்கம் தூக்கிப் பீய்ச்சி மூத்திரம் அடித்தது. கறுப்பியின் மூஞ்சி நனைந்தது. பெண் கினிபிக் "விலகிப் போ" என்று சொல்கிற முறை அது.

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "பாவம்டி, வாயில்லாப் பிராணி, போட்டு அடிக்குதுங்க. பிரிச்சு விடு."

"அடிக்கலை அத்தை. ரத்தம் வந்தா பிரிக்கிறேன்."

"ரத்தம் வர்ற வரைக்கும் பாத்துக்கிட்டு இருப்பியா?"

நியாயமான கேள்வி. நான் அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். ஆறு பேர் இருக்கும் ரூமுக்கு ஏழாவது ஆள் பெட்டியோடு வந்து நின்றால், சட்டை மாட்டுகிற ஆணி யாருடையது, ஃபேன் காற்று யார் பக்கம், காலையில் குளியலறை யாருக்கு முதலில் என்று நாலு நாள் முறைப்பு இருக்கத்தான் செய்யும். அதற்குள் வீட்டு ஓனர் புகுந்து பஞ்சாயத்து பண்ணினால் அது தீரவே தீராது. இதுகளுக்கும் யார் பெரியவர் என்று முடிவாக வேண்டும். முடிவானால்தான் நிம்மதி.

உறுமல், இடுப்பாட்டம், துரத்தல், மேலே ஏறுதல், மூக்கை உயர்த்தி நிற்றல், மூத்திரம் பீய்ச்சுதல், மெல்லிய குத்தல் எல்லாம் பேச்சுவார்த்தை. கிறீச் சத்தம் கேட்டுப் பதறாதீர்கள், தொடுவதற்கு முன்னாலேயே கத்துகிற பிராணி அது. பல்லை நெறித்துக் கடகடவென்று சத்தம் எழுப்பினால், பிடரி முடி சிலிர்த்தால், வாயை அகலத் திறந்து பல்லைக் காட்டினால் எச்சரிக்கை. கையில் தடிமனான துண்டோ முறமோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாய்ந்து கடித்தால், இரண்டும் ஒரே உருண்டையாகப் புரண்டால் முறத்தை நடுவே இறக்கிப் பிரியுங்கள். வெறுங்கையை நீட்டினால் கடி உங்களுக்குத்தான். முடி லேசாகப் பிய்ந்தால் தொடரலாம். ரத்தம் வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் அந்த முறத்துக்கு வேலை வரவில்லை. துரத்தலுக்கு நடுநடுவே புல் தின்ன நின்றார்கள், நின்ற இடத்தில் தின்றார்கள், மறுபடி துரத்தினார்கள். மதியத்துக்குள் இடைவெளி நீண்டது. தவிடு காலை நீட்டிப் படுத்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது, பயப்படுகிற கினிபிக் காலை நீட்டாது. சாயங்காலம் ஃப்ரிட்ஜ் கதவு திறந்த சத்தத்துக்கு மூன்றும் ஒரே குரலில் 'வீக் வீக்' என்று கத்தியபோது மாமியாரே போய்க் கொத்தமல்லி எடுத்துக்கொண்டு வந்தார்.

அன்றிரவும் அதற்குப் பிறகும்

ஒன்றாகத் தூங்க வைப்பதற்குள் பழைய கூண்டை முழுக்கக் கழுவுங்கள். தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து துடைத்து, துணிகளை மாற்றி, உள்ளே இருந்த வீடுகளை இடம் மாற்றி வைத்தால் அது மூன்றுக்கும் புது வீடு. மூன்று கினிபிக்குக்குக் குறைந்தது 10 முதல் 13 சதுர அடி தரை வேண்டும். பறவைக் கூண்டு ஆகாது. கம்பித் தரை கால் பாதத்தைப் புண்ணாக்கும். உயரத்தால் பயனில்லை, நீள அகலம்தான் கணக்கு. சண்டை என்று என்னிடம் சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை இடக் குறைச்சல்தான். ஒளிகிற இடங்கள் ஆட்களைவிட ஒன்று கூடுதலாக இருக்கட்டும். கவிழ்த்து வைத்து வாயை அகலமாக உடைத்த மண்பானை கோடைக்கும் குளிர்ச்சி. உடைத்த விளிம்பைத் தேய்த்துவிடுங்கள்.

அடுத்த ஒரு வாரம் தினமும் சமையலறைத் தராசில் எடை போடுங்கள், பிறகு வாரம் ஒருமுறை. வளர்ந்த பெண் பொதுவாக 700 முதல் 1,000 கிராம் வரை இருக்கும். சத்தமில்லாமல் ஒதுக்கப்பட்டு, புல் கிடைக்காமல் மெலிகிற கினிபிக்கைக் கண் காட்டிக்கொடுக்காது, தராசு காட்டிக்கொடுக்கும். அரை நாள் எதுவும் தின்னாமல் இருந்தால் டாக்டரிடம் ஓட வேண்டிய நிலை. அதன் குடல் நிற்கவே கூடாது.

சில ஜோடிகள் எவ்வளவு செய்தாலும் சேராது. அப்போது நடுவில் கம்பித் தடுப்பு வைத்துப் பக்கத்துப் பக்கத்தில் வளர்க்கலாம். மோந்துகொள்ள, பேசிக்கொள்ள ஆள் இருக்கிறது, அதுவும் ஒரு துணைதான். கட்டாயப்படுத்திச் சேர்த்து வைத்துத் தினமும் ஒன்று மூலையில் நடுங்குவதைவிட அது மேல்.

கடைசியாக, ஒரகடத்திலோ மகேந்திரா சிட்டியிலோ வேலை மாறிக் கிளம்பப் போகிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கினிபிக்கை யாரிடமாவது விட்டுப் போகும்படி ஆனால், கூண்டை வாசலில் வைத்துவிட்டு மெசேஜ் அனுப்பாதீர்கள். ஒரு மாதம் முன்னாலேயே சொல்லுங்கள், அவர்களுக்கும் தனி அறை தயார் பண்ண அவகாசம் வேண்டும். ஒரு தாளில் அதன் வயது, ஆணா பெண்ணா, கடைசியாகப் போட்ட எடை, வழக்கமாகத் தின்பது, எப்போதாவது கொடுத்த மருந்து எல்லாம் எழுதிக் கொடுங்கள். அது படுத்த பழைய துணி ஒன்றைத் துவைக்காமல் கூடவே அனுப்புங்கள். முடிந்தால், வாங்கும்போதே ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள். ஓசூர் போனாலும் ஊருக்குப் போனாலும் அதுகள் சேர்ந்து போகட்டும்.